எண்ணே இல்லாத டயல்: பழைய மஸ்ட் டேங்க், ஒன்றரை வருடம் கட்டிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சட்டென்று மணி பார்க்க வேண்டும் என்பவர்களுக்கான வாட்ச் இல்லை இது. டயலில் ஓர் எண் கிடையாது, நிமிடக் கோடு கிடையாது, செகண்ட் முள்ளும் கிடையாது. கருஞ்சிவப்பு அரக்கு பூசிய சின்னச் செவ்வகம், 12 மணிக்குக் கீழே பெயர், நடுவிலிருந்து தங்க நிறத்தில் இரண்டு முள், அவ்வளவுதான். இதற்காகத்தான் இரண்டு வருடம் அலைந்தேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

மஸ்ட் டு கார்ட்டியே டேங்க், பாரிஸின் நகை, வாட்ச் கம்பெனியான கார்ட்டியே 1977இல் கொண்டுவந்த வரிசை. லூயி கார்ட்டியே 1917இல் வரைந்த டேங்க்தான், ஆனால் முழுத் தங்கத்துக்குப் பதில் 925 வெள்ளியில் கேஸ் (வாட்சின் வெளிக்கூடு), அதன்மேல் 20 மைக்ரான் தங்க முலாம். முதல் உலகப் போரின் ரெனோ டாங்கியை மேலிருந்து பார்த்த தோற்றம்தான் வடிவத்துக்கு மூலம் என்பார்கள். இரண்டு பக்கமும் நிற்கிற சட்டங்கள் டாங்கியின் சங்கிலிப் பட்டைகள், நடுவில் டயல். வார் அந்தச் சட்டங்களுக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடுவதால் வாட்ச் எங்கே முடிகிறது, வார் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்கு உறுத்தாது.

வட்ட டயலில் 12 எண்ணையும் ஒரே இடைவெளியில் வைத்துவிட்டுப் போய்விடலாம். செவ்வகத்தில் அது நடக்காது. ஒன்றும் இரண்டும் மூலைக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று ஒதுங்கிக்கொள்ளும், நிமிடக் கோடுகள் மூலையை நெருங்க நெருங்க விலகிப் போகும், ரோமன் எண்கள் சாய்ந்தும் நீண்டும் நிற்கும். டேங்கின் வெள்ளை டயலை லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கிற சின்னப் பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கோணல்களை எவ்வளவு பொறுமையாகச் சரிக்கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். ஏழின் ஒரு சாய்கோட்டில், சிலவற்றில் பத்தில், கம்பெனிப் பெயரையே பொடி எழுத்தில் ஒளித்திருப்பார்கள், வெறும் கண்ணுக்கு அது ஒரு கோடு மாதிரிதான் இருக்கும்.

நான் முதலில் வாங்கியதும் அந்த வெள்ளை டயல்தான், இணையத்தில் ஒரு தனி வியாபாரியிடம். படத்தில் பளிச்சென்று இருந்தது, அந்தப் பளிச்சுதான் பிரச்சினை என்று அப்போது புரியவில்லை. கைக்கு வந்தபின் பார்த்தால் ஒளித்த பெயரைக் காணோம். அதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது, எல்லா டயலிலும் அது இருக்காது. ஆனால் நிமிடக் கோடுகள் மேல் இடது மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, எட்டின் கால், நிமிடக் கோடுகளைத் தாங்குகிற தண்டவாளம் மாதிரியான இரட்டைக் கோட்டின்மேல் ஏறியிருந்தது. வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார், டயலை அழித்து மறுபடி அச்சடித்திருக்கிறார்கள். விற்றவர் “எனக்கு வரும்போதே இப்படித்தான்” என்றார். சரி, பாடத்துக்குக் கட்டின ஃபீஸ்.

இந்தச் சிவப்பைப் பிடித்தது டோக்கியோவில், நகானோ பிராட்வேயின் மூன்றாவது மாடியில். பழைய வாட்ச் கடைகள் வரிசையாக இருக்கிற இடம். கடைக்காரர் வெல்வெட் தட்டில் வைத்து, லூப்பையும் நீட்டிவிட்டு, முலாம் தேய்ந்த இடங்களைத் தானே ஒவ்வொன்றாகக் காட்டினார். இரண்டு சட்டங்களின் கீழ் முனையிலும் வெள்ளி எட்டிப் பார்க்கிறது. எனக்கு அது கவலையில்லை, முலாம் மறுபடி போட்டுக்கொள்ளலாம். அரக்கு விரிசல் விட்டால் திரும்ப வராது. அதனால் டயலை விளக்குக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன், மயிரிழை விரிசல்கூட இல்லை. நிழலில் ஏறக்குறைய கறுப்பு, வெயில் பட்டால் கொடிமுந்திரி ரசம்.

கட்டிப் பழகியதில் கண்டுபிடித்தது ஒன்று: எண் இல்லாவிட்டாலும் நான்கு மூலைகள் இருக்கின்றன. பெரிய முள் மேல் வலது மூலையைத் தொட்டால் சுமார் 6 நிமிடம், கீழ் வலது 24, கீழ் இடது 36, மேல் இடது 54. ஒரு வாரத்தில் பழகிவிடும். ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் இருக்கும், ரயிலைப் பிடிக்கிற நாளில் போனை நம்புங்கள். என்னுடையது சாவி கொடுக்கிற வகை, இதே வரிசையில் பேட்டரியில் ஓடுகிற குவார்ட்ஸும் கிடைக்கும். காலையில் காப்பிக்கு முன் சாவி கொடுத்துவிடுகிறேன். செகண்ட் முள் இல்லாததால் ஓடுகிறதா நிற்கிறதா என்று காதில் வைத்துத்தான் கேட்க வேண்டும், பேருந்தில் அப்படிச் செய்தால் பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்.

அகலம் 23 மில்லிமீட்டர் சொச்சம். நாற்பது மில்லிமீட்டருக்குப் பழகிய கைக்கு முதல் இரண்டு நாள் பொம்மை மாதிரி இருக்கும், அப்புறம் மற்றவையெல்லாம் தட்டு மாதிரி தெரியும். மழைக்கும் கை கழுவுகிற இடத்துக்கும் ஆகாது.

2021இல் கார்ட்டியே இதே யோசனையை ஸ்டீலில் திரும்பக் கொண்டுவந்தது, டயலும் வாரும் ஒரே நிறத்தில், சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று, குவார்ட்ஸ் ஓட்டம். தலைவலி வேண்டாம் என்பவர்கள் அதை வாங்கலாம், நல்ல வாட்ச். ஆனால் ஸ்டீலின் வெள்ளைக்கு நடுவில் அந்தச் சிவப்பு கொஞ்சம் தனியாக நிற்கிறது. மங்கிய தங்கத்துக்குள் இருக்கும்போது வருகிற சூடு அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

போன மாதம் அதே கடையில் மூன்று நிறத் தங்கப் பட்டைகள் செங்குத்தாக ஓடுகிற டயல் ஒன்றைப் பார்த்தேன். ஐந்து மணிப் பக்கம் ஒரு புள்ளி, தூசியா துருவா என்று லூப்பிலும் தெரியவில்லை. கேஸைத் திறந்து துடைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.