மர்மமும் காதலும் கலந்த வேணாட்டுக் கதை

அரசகுல நாயகர்கள் வரும் சரித்திரக் காதல் கதையில் மர்மமும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, சி. வி. ராமன் பிள்ளை மலையாளத்தில் எழுதி 1891இல் வெளியான ‘மார்த்தாண்டவர்மா’ நாவலையே நான் முதலில் பரிந்துரைப்பேன். வேணாட்டு (பின்னாளைய திருவிதாங்கூர்) இளவரசர் மார்த்தாண்டவர்மாவின் உயிருக்குக் குறிவைக்கும் எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களின் சதி ஒருபுறம் நகர, பஞ்சவன்காட்டில் வெட்டுண்டு இறந்துவிட்டதாக ஊரே நம்பிவிட்ட அனந்தபத்மநாபனுக்காகக் காத்திருக்கும் பாருக்குட்டியின் பிடிவாதம் மறுபுறம் நகர்கிறது. அவன் என்ன ஆனான் என்ற விடையை ஆசிரியர் மாறுவேடங்களுக்குள் ஒளித்து வைத்திருப்பதால், அதை இங்கே உடைக்கப் போவதில்லை.

நம் குமரி மாவட்டத்து வாசகருக்கு இதில் தனிச் சுவை உண்டு. சாரோட்டுக் கொட்டாரத்தில் (அரண்மனையில்) தங்கியிருக்கும் இளவரசரைத் தேடிப் பகைவர்கள் வரும் பகுதியைத் தக்கலைப் பேருந்து நிறுத்தத்தில் நின்று படித்த நான், ஏற வேண்டிய பேருந்தைத் தவறவிட்டேன். கதையின் ஒரு பகுதி நடக்கும் பத்மநாபபுரமோ அங்கிருந்து நடந்து போகும் தொலைவுதான்.

குறை என்றால், தொடக்கத்தில் பெயர்கள் குழப்புகின்றன. காதலர் இருவரும் சேர்ந்திருக்கும் காட்சிகளும் மிகக் குறைவு. கொஞ்சல் மொழிகளை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார், எனக்கோ அந்தப் பிரிவே பிடித்திருந்தது.