கிட்னி கல்லுக்கு யூரின் ஸ்ட்ரிப்: வாங்கலாமா?

ஒரு முறை கல் வந்து அவதிப்பட்டவர்கள் பலர், பத்துக் கட்டம் உள்ள யூரின் ஸ்ட்ரிப் (சிறுநீரில் முக்கி நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் பட்டை) டப்பாவை வீட்டில் வாங்கி வைக்கிறார்கள். வாங்கலாம். ஆனால் கல் இருக்கிறதா என்று அது சொல்லாது. சிறுநீரில் ரத்தம் கலந்திருக்கிறதா என்றுதான் சொல்லும்.

முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வரும் சிறுநீரைச் சுத்தமான கப்பில் பிடியுங்கள். எல்லாக் கட்டமும் நனையும்படி ஸ்ட்ரிப்பை முக்கி உடனே எடுத்து, விளிம்பை டிஷ்யூவில் ஒற்றிவிட்டுப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். செங்குத்தாகப் பிடித்தால் ஒரு கட்டத்தின் மருந்து அடுத்ததில் வழிந்து நிறம் குழம்பிவிடும். ரத்தக் கட்டத்தைப் பெரும்பாலான ஸ்ட்ரிப்களில் 60 வினாடியில் பார்க்க வேண்டும், கிருமித் தொற்றுக்கான வெள்ளையணுக் கட்டத்தை 2 நிமிடத்தில். அதற்குப் பிறகு மாறும் நிறம் கணக்கில் இல்லை. மஞ்சளாக இருக்கும் ரத்தக் கட்டத்தில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் சிவப்பணுக்கள் உடையாமல் வருகின்றன என்று பொருள். பீட்ரூட் சாப்பிட்டுச் சிவந்த சிறுநீருக்கு இந்தக் கட்டம் மாறாது. வீண் பயம் போக இது நல்ல வசதி. மாதவிடாய் நாட்களில் பார்த்துப் பயனில்லை. வைட்டமின் சி மாத்திரை போட்டிருந்தால் சில ஸ்ட்ரிப்களில் ரத்தம் இருந்தும் தெரியாது.

பெரிய குறை வேறு. கல் வலியோடு வருபவர்களில் பத்தில் ஒருவருக்காவது சிறுநீரில் ரத்தமே இருக்காது. ஆகவே ஸ்ட்ரிப் மாறவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வலியின் போக்கைக் கவனியுங்கள்: விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் தொடங்கி, அடிவயிறு, தொடை இடுக்கு என்று இறங்கும், விட்டு விட்டு முறுக்கும், குமட்டலும் வாந்தியும் கூட வரும். எப்படிப் படுத்தாலும் நிலைகொள்ளாது. அசையாமல் படுத்தால் வலி குறைகிறது என்றால் குடல்வால் அழற்சி போன்ற வேறு காரணத்தையும் பார்க்க வேண்டும். கல் சிறுநீர்ப்பையை நெருங்கினால் அடிக்கடி போகத் தோன்றும், நீர்க்கடுப்பு மாதிரி எரியும்.

வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடியோடு நின்றாலோ ஸ்ட்ரிப்பைத் தேடாதீர்கள், அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடைப்புக்கு மேலே கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. 60 வயதைத் தாண்டியவருக்கு முதல் முறையாக இப்படி வலித்தால், வயிற்றுப் பெருந்தமனி வீங்கிக் கசிகிறதா என்று ஸ்கேனில் பார்த்தாக வேண்டும்.

வாங்கும்போது காலாவதி தேதியைப் பார்த்துச் சின்ன டப்பாவாக எடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறியாதீர்கள். மூடியை உடனுக்குடன் இறுக்குங்கள். ஃப்ரிட்ஜிலும் வேண்டாம், குளியலறையிலும் வேண்டாம்.