வீடு கட்டி மிஞ்சிய மண்ணைச் சலிக்க எது நல்லது: கைச் சல்லடை, சாய்வுச் சல்லடை, உருளைச் சல்லடை?

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் பழைய ஓட்டு வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினால், கொல்லையில் ஒரு மண் குவியல் மிஞ்சும். அஸ்திவாரம் தோண்டிய செம்மண்ணோடு செங்கல் துண்டு, ஓட்டாஞ்சில்லு, காரைக் கட்டி, ஜல்லி, கட்டுக்கம்பி, டைல்ஸ் சில்லு எல்லாம் கலந்து கிடக்கும். அதைக் காசு கொடுத்து அள்ளிப் போட்டுவிட்டு, தோட்டத்துக்கு வேறு செம்மண் லோடு இறக்குவது வீண்செலவு.

குவியல் 15 கன அடிக்குள் என்றால் கைச் சல்லடையே போதும். இரண்டடிச் சதுரச் சட்டத்தில் அரை அங்குலக் கண் வலை அடித்து, தள்ளுவண்டி மேல் வைத்து முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். வலை படுத்த நிலையில் இருப்பதால் கண்ணின் முழு அளவுக்கும் மண் இறங்கும், நல்ல மண் வீணாகாது. ஒரு தடவைக்கு அரைச் சட்டிக்கு மேல் கொட்டக் கூடாது. இதை வைத்துக்கொண்டு ஒரு யூனிட்டைச் சலிக்க இறங்கினால் இடுப்பு போய்விடும்.

ஒரு யூனிட் என்பது 100 கன அடி, ஏறக்குறைய மூன்றரை டன். அந்த அளவுக்குக் கொத்தனார் மணல் சலிக்கும் சாய்வுச் சல்லடையை மிஞ்ச எதுவும் இல்லை. மூன்றடி அகலம், ஐந்தடி உயரம், பின்னால் இரண்டு சவுக்குக் கம்பு முட்டு. இருவர் சேர்ந்தால் ஒரு நாளில் ஒரு யூனிட் முடியும். கோழி வலை அடிக்காதீர்கள், நாலு மண்வெட்டி மண்ணிலேயே தொய்ந்துவிடும். வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) அடித்து நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். சாய்வு 45 பாகை. அதைவிட நிமிர்த்தினால் நல்ல மண்ணும் கல்லோடு உருண்டு வந்துவிடும். படுக்கவைத்தால் கல் உருளாமல் வலையை அடைக்கும். சாய்வில் அரை அங்குலக் கண், மேலிருந்து விழும் மண்ணுக்கு 9 மில்லிமீட்டர் அளவாகச் சுருங்குகிறது. பூச்செடிப் பாத்திக்கு அதுவே சரி. கால் அங்குல வலையைச் சாய்வில் போட்டால் பாதி மண் கழிவோடு போகும். புல்தரை மேல்மண்ணுக்கு அந்த நயம் வேண்டுமென்றால், சலித்த மண்ணைக் கால் அங்குல வலை அடித்த கைச் சல்லடையில் மறுபடி சலியுங்கள்.

உருளைச் சல்லடை என்பது மோட்டாரில் சுழலும் வலை உருளை; நாலைந்து யூனிட்டுக்கு மேல் மண் இருந்தால்தான் அது கட்டுப்படியாகும். புரளும்போது மண்கட்டி தானே உடைவது அதன் பெரிய பலம். இரண்டடி விட்டம், நாலடி நீளம், 5 பாகை சரிவு என்றால் நிமிடத்துக்கு 20 முதல் 25 சுற்று சரியான வேகம். 50-ஐத் தாண்டினால் மண் விழாமல் சுவரோடு ஒட்டிச் சுற்றும். அதனால் 1440 சுற்று மோட்டாரை நேரே பெல்ட் போட்டு இணைக்க முடியாது. கியர் பாக்ஸ் தேவை. கட்டுக்கம்பியை முன்னதாகப் பொறுக்காவிட்டால் வலைக் கண்ணில் மாட்டிச் சிக்கலாகும்.

ஆனால் எந்தச் சல்லடையானாலும் வேலையைத் தீர்மானிப்பது ஈரம். ஒரு பிடி மண்ணை இறுக்கி, விரலால் தட்டுங்கள், உதிர்ந்தால் சலிக்கலாம். உருண்டையாகவே நின்றால் நாலு அங்குல கனத்தில் பரப்பி ஒன்றிரண்டு நாள் வெயிலில் விடுங்கள். கல்லாய்க் காய்ந்திருந்தால் முந்தின சாயங்காலம் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், இல்லையேல் நல்ல மண்கட்டியெல்லாம் கழிவில் சேரும். சாரல் மாதங்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பங்குனி, சித்திரையே தோது. காற்று முதுகில் படும்படி நின்று மண்ணை வீசினால் புழுதி முகத்தில் அடிக்காது.

ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டுத் துண்டு கண்ணில் பட்டால் உலர்ந்த மண்ணைச் சலிக்கவே கூடாது, அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். அந்தக் குவியல் தோட்டத்துக்கு ஆகாது. நனைத்து மூடி வையுங்கள்.

சல்லடையால் பிரிக்க முடியாத ஒன்று காரைத் தூள். ஒரு கரண்டி மண்ணில் வினிகர் விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு மிகுதி என்று பொருள். அதில் இட்லிப்பூ வைத்தால் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அந்த மண்ணை நடைபாதைக்கு அடியில் போடுங்கள். நுரைக்காத மண்ணிலும், அடியிலிருந்து வந்ததால், சத்து இருக்காது; மூன்று பங்குக்கு ஒரு பங்கு மக்கிய சாணம் கலந்த பிறகே செடி வையுங்கள்.