திருவாதிரையா, கேட்டையா? நம் கடற்கரை வானில் இரண்டு சிவப்புக் கிழங்கள்

திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி. கேட்டைக்கோ 'கேட்டை, மூட்டை, செவ்வாய்க்கிழமை' என்று வசவுதான். இராமநாதபுரம் பக்கம் இந்த ஓரவஞ்சனை இன்னும் தூக்கல். மார்கழித் திருவாதிரையையொட்டித்தான் உத்தரகோசமங்கை மரகத நடராசரின் சந்தனக்காப்பைக் களைவார்கள். ஆண்டுக்கு ஒரே முறை கிடைக்கும் காட்சி என்பதால் கூட்டம் நெரியும். கேட்டையை யாரும் தலை தூக்கிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

வானத்தில் இரண்டும் ஒரே இனம். அதிக எடையோடு பிறந்து, எரிபொருளை ஊதாரித்தனமாகச் செலவழித்து, முதுமையில் ஊதிப்போன சிவப்பு விண்மீன்கள். வெளியூரில் பீட்டல்ஜூஸ், ஆன்டாரெஸ் என்று பெயர். இரண்டுமே சுமார் 550 ஒளியாண்டு தூரத்தில் இருப்பதாகக் கணக்கு. அதனால் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமான போட்டிதான்.

முதலில் பருமன். திருவாதிரையின் ஆரம் சூரியனைப்போல் சுமார் 760 மடங்கு, கேட்டை சுமார் 680. சூரியன் இருக்கும் இடத்தில் எதை வைத்தாலும் பூமியும் செவ்வாயும் அதன் வயிற்றுக்குள் போய்விடும், வியாழன் தப்பிக்கும். ஆனால் இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் பயனில்லை. பாக் நீரிணைப் பக்கம் கடல் உள்வாங்கும்போது எது கரை, எது கடல் என்று கோடு போட முடியுமா? இவற்றின் விளிம்பும் அப்படித்தான். சராசரி அடர்த்தி நாம் மூச்சுவிடும் காற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. எந்த நிறத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அளவே மாறும். முதலில் அளக்கப்பட்ட பெருமை மட்டும் திருவாதிரைக்கு. 1920 டிசம்பரில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் 100 அங்குலத் தொலைநோக்கியின்மேல் 20 அடிச் சட்டத்தைப் பொருத்தி மைக்கெல்சன், பீஸ் என்ற இரு அறிவியலாளர்கள் அதன் விட்டத்தைக் கண்டார்கள். சூரியனை விட்டால் நேரடியாக அளக்கப்பட்ட முதல் விண்மீன் அதுதான்.

வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மேற்பரப்பு இரண்டுக்கும் சுமார் 3,600 கெல்வின், சூரியனுக்கு 5,772. சிவப்பு அதனால்தான். ஆன்டாரெஸ் என்ற கிரேக்கப் பெயருக்கே செவ்வாய்க்குப் போட்டி என்று பொருள். செவ்வாய்க்கோள் அதன் அருகே கடக்கும் நாள்களில் எது எது என்று குழம்பத்தான் செய்யும். நம் பழமொழியும் கேட்டையையும் செவ்வாயையும் ஒரே மூச்சில் திட்டுகிறது, பாருங்கள்!

எடைதான் எனக்குப் பிடித்த இடம். திருவாதிரை 16 முதல் 19 சூரியன், கேட்டை 11 முதல் 15 என்று மதிப்பிடுகிறார்கள். எடை கூடினால் ஆயுள் குறையும். அதன்படி திருவாதிரைக்கு வயது 80 லட்சம் முதல் 1 கோடி, கேட்டைக்கு 1 கோடியைத் தாண்டியிருக்கும். கேட்டையின் வடமொழிப் பெயர் ஜேஷ்டா, அதாவது மூத்தவள். பெயர் வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை, தற்செயல்தான். இருந்தாலும் பொருந்திவிட்டது.

வெறுங்கண்ணுக்கு வேடிக்கை காட்டுவதில் திருவாதிரையை அடிக்க ஆளில்லை. சுமார் 400 நாளுக்கு ஒரு துடிப்பு, அதன்மேல் ஆறு ஆண்டுக்கு ஒரு நீண்ட ஏற்ற இறக்கம். 2019 கடைசியில் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் ரோகிணியைவிட ஒளி குன்றிப்போனது. வெடிக்கப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. கடைசியில் பார்த்தால், அது தானே கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்திருக்கிறது. வெடிப்பு இரண்டுக்கும் நிச்சயம்தான், ஆனால் திருவாதிரைக்கு இன்னும் 1 லட்சம் ஆண்டு இருக்கலாம்.

கூடவே சுற்றும் துணை விண்மீன் விஷயத்தில் கேட்டை முந்திக்கொண்டது. நிலா தன் பாதையில் கேட்டையை மறைத்துவிட்டுப் போவதுண்டு. 1819-இல் வியன்னாவில் அப்படி மறைந்து வெளிப்பட்டபோதுதான், முதலில் எட்டிப்பார்த்த நீலநிறத் துணை சிக்கியது. திருவாதிரையோ நிலாப் பாதைக்கு வெகு தெற்கே இருப்பதால் மறைவதே இல்லை. அதன் துணைக்கான தடயம் 2025-இல்தான் ஜெமினி நார்த் தொலைநோக்கியில் தெரிந்தது. அந்த ஆறு ஆண்டு ஏற்ற இறக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

சரி, இங்கிருந்து பார்க்க எது வசதி? திருவாதிரை ராமேஸ்வரத்துக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் கடக்கும், இரண்டு பாகைதான் தள்ளி. மணலில் மல்லாந்து படுக்காவிட்டால் கழுத்து போய்விடும். மார்கழியில் மழைமேகம் மிச்சமிருக்கும், விழா நாளன்று முழுநிலா வேறு ஒளியைக் கொட்டும். கேட்டை ஆனி, ஆடியில் முன்னிரவிலேயே தென்வானில் சாய்வாக நிற்கும், திண்ணையில் உட்கார்ந்தே பார்க்கலாம். அந்த மாதங்களில் இங்கே மழையும் அரிது, காற்றில் மணல் பறப்பதுதான் தொல்லை. என் ஓட்டு கேட்டைக்கு.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆசையென்றால், சித்திரை பிறக்கும் வாரம் இரவு பத்து மணி வாக்கில் மண்டபம் கரைக்கு வாருங்கள். அரிச்சல்முனைக்கு அந்நேரம் விடமாட்டார்கள். மீன்பிடித் தடைக்காலத்துக்காக விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும், கடலில் வெளிச்சம் குறைவு. மேற்கே திருவாதிரை இறங்கும், தென்கிழக்கே கேட்டை ஏறும். இரண்டையும் பார்க்கக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான்.