டர்பனில் ட்ரெய்லர் இழுக்க மேனுவல் பக்கியா, ஆட்டோமேட்டிக்கா?

ட்ரெய்லர் இழுக்கும் பக்கியின், அதாவது பிக்அப் வண்டியின், கியர்பாக்ஸைத் தின்பது சூடு. மேனுவலில் அது கிளட்சில், வண்டி நகரும் முதல் சில மீட்டரிலேயே உண்டாகிறது. ஆட்டோமேட்டிக்கில் எண்ணெயில், நீண்ட ஏற்றத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பக்கிகள் கெட்டுப்போகும் விதத்தைப் பார்த்தாலே இது விளங்கிவிடும்.

டர்பன் பிராஸ்பெக்டனில் தயாராகும் டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 ஜிடி-6ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் வந்த மாற்றத்துக்குப் பின் இரண்டு வகையிலும் 150 கிலோவாட்தான். டார்க் (இன்ஜினின் முறுக்குவிசை) மட்டும் ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர், மேனுவலில் 420. இன்ஜின் ஒன்றேதான். இரண்டு டன் கேரவனோடு மலையேறும்போது அந்த 80 நன்றாகவே உறைக்கும். போதாததற்கு, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இன்ஜின் டார்க்கைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கித் தருகிறது. ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்று மெலிது என்பதால் டர்போ எழும்வரை டீசல் இன்ஜின் மந்தம். அங்கே ரோபோட்டில் (டிராஃபிக் சிக்னலில்) நின்று கிளம்பும் மேனுவல்காரர் இன்ஜின் சுற்றை (ஆர்பிஎம்) ஏற்றி, கிளட்சை வழுக்கவிட்டே ஆகவேண்டும்.

கிளட்சுக்கு உண்மையான எமன் ரிவர்ஸ் கியர். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கோயில் விசேஷத்துக்குக் கூடாரக் கம்பி, அண்டா, நாற்காலி ஏற்றிய ட்ரெய்லரைச் சரிவான வாசல்பாதையில் பின்னோக்கி ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ரிவர்ஸ் கியர் மெதுவாக ஊர்வதற்கு ஏற்றதல்ல. பாதிக் கிளட்சில்தான் நகர்த்த முடியும். இதில் பலர் கவனிக்காத ஒன்று ட்ரெய்லரின் ஓவர்ரன் பிரேக், அதாவது ட்ரெய்லர் வண்டியை முட்டித் தள்ளும் விசையிலேயே பிடிக்கும் பிரேக். பழைய கப்ளிங்கில் (ட்ரெய்லரை வண்டியோடு இணைக்கும் கொக்கியில்) பின்னுக்குத் தள்ளும்போது அந்த பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். கப்ளிங் மேலுள்ள சிறு லீவரைத் திருப்பிப் பூட்டாவிட்டால், கிளட்ச் பிரேக்கோடு மல்லுக்கட்டி ஓரிரு நிமிடத்தில் கருகிய வாடை வந்துவிடும். புதிய கப்ளிங்குகளில் இந்தத் தொல்லை இல்லை. மணலிலோ ஈரமான படகுத்துறையிலோ 4x4 லோ ரேஞ்சில் (நான்கு சக்கரமும் மிக மெதுவாகச் சுழலும் கியர் நிலையில்) ரிவர்ஸ் போட்டால் கிளட்சை முழுக்க விட்டுவிட்டே ஊரலாம். காய்ந்த தாரில் ஸ்டியரிங்கைத் திருப்பியபடி அதைச் செய்யாதீர்கள், முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். கருகிய கிளட்சை மாற்றும்போது அதோடு ஒட்டியிருக்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீலும் (இன்ஜின் அதிர்வைத் தணிக்கும் கனமான சக்கரம்) சேர்ந்தே போவது வழக்கம். பில்லில் பெரிய தொகை அதுதான்.

ஆட்டோமேட்டிக்கைச் சோதிப்பது டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டவுன் ஹில் வழியாக ஹில்டன், அப்புறம் மூயி ரிவர், கடைசியில் வான் ரீனன் கணவாய். டி-யில் (டிரைவ்) போட்டுவிட்டு அப்படியே ஏறினால் கியர் பெட்டி இரண்டு கியருக்கு நடுவே ஏறி இறங்கித் தவிக்கும். ஒவ்வொரு முறையும் கன்வெர்ட்டரின் லாக்-அப் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் பிடி) விடுபட்டு எண்ணெய் சூடாகும். ஆட்டோமேட்டிக்கிலேயே உள்ள மேனுவல் மோடில் நாலாவது கியரில் பிடித்து வைத்தால் லாக்-அப் நிலைக்கும், சூடு இறங்கும். ஓபிடி கருவியை (வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் சிறு கருவி) மாட்டி போனில் எண்ணெய் வெப்பத்தைப் பாருங்கள். 80 முதல் 95 டிகிரி வரை கவலையில்லை. 120ஐத் தாண்டினால் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு ஆறவிடுங்கள். அடிக்கடி அங்கே போகிறதென்றால் தனி ஆயில் கூலர் போடுவது செலவுக்குத் தகுந்த வேலை. ஏற்றத்தில் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் மகா கெடுதல்.

இறக்கத்தில் மேனுவலுக்கு ஒரு நிம்மதி உண்டு. போட்ட கியர் போட்டபடி நிற்கும். ஆட்டோமேட்டிக்கில் நாமே கீழே இறக்கிப் பிடிக்க வேண்டும், அதுவும் உச்சியைத் தாண்டும் முன்பே. இறங்க ஆரம்பித்து வேகம் ஏறியபின் கேட்டால், சுற்று எல்லை மீறும் என்று பெட்டி மறுத்துவிடும்.

“ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை” என்று சொல்லப்படும் கியர் எண்ணெயை இழுவை வண்டியில் நம்ப வேண்டாம். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. டிரெயின் பிளக்கைத் திறந்தால் பாதிகூட வெளியே வராது, மிச்சம் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். அதனால் நடுவே கொஞ்சம் ஓட்டி, இரண்டு மூன்று முறை வடித்து நிரப்ப வேண்டும். அளவையும் கம்பெனி குறித்த சூட்டில்தான் பார்க்கணும்.

எங்கள் கணிப்பு: படகு, கேரவன், மேடு பள்ளமான நகர ஓட்டம் என்றால் ஆட்டோமேட்டிக். டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்தில் எப்போதாவது லேசான ட்ரெய்லர் இழுத்து, பழுதைப் பக்கத்து மெக்கானிக்கிடமே பார்த்துக்கொள்கிறவருக்கு மேனுவல் போதும். ஆட்டோமேட்டிக் வண்டியில் டெஸ்ட் கொடுத்து லைசென்ஸ் வாங்கினவர் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம் என்பதால், அவருக்கு மேனுவல் என்ற பேச்சே கிடையாது. மொத்த எடை 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லர் என்றால் யாராயிருந்தாலும் குறைந்தது ஈபி கோட் (கனமான ட்ரெய்லர் இழுப்பதற்கான லைசென்ஸ் வகை) வேண்டும்.

பழைய மேனுவல் வாங்கினால் நாலாவது கியரில் 2,000 சுற்றில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துப் பாருங்கள். வேகம் ஏறாமல் சுற்று மட்டும் எகிறினால் கிளட்ச் முடிந்தது. பழைய ஆட்டோமேட்டிக்கில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், இன்ஜின் ஆறின பிறகு மட்டும். உள்ளே ரோஸ் நிறத்தில் மில்க்ஷேக் மாதிரி தெரிந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து தண்ணீரும் கியர் எண்ணெயும் கலந்துவிட்டன. அந்த வண்டிக்கு எந்த விலை சொன்னாலும் வேண்டாம்.