நெல்லையில் ஒரு நிமோனியா, விட்டுப்போன ஒரு மாத்திரை

இந்தத் தடவை லண்டனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போனது அக்கா மகள் கல்யாணத்துக்கு. ஆனால் பந்தல்காரரைவிட ஆஸ்பத்திரி வார்டு பாய்தான் எனக்கு அதிகம் பழக்கமானார். அத்தானுக்குப் போன வருஷம் ஆவணியில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தது அக்கா. அந்த ஆபரேஷனில் குறை சொல்ல எதுவும் இல்லை. டெஸ்ட், கமிட்டி அனுமதி, தியேட்டர் எல்லாம் மளமளவென்று நடந்தது. என் புகார் அதற்கப்புறம் நடந்ததைப் பற்றி.

நான் போய் இறங்கும்போதே அத்தானுக்கு வறட்டு இருமல். சளி வரவே இல்லை. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். "ஒண்ணுமில்ல மாப்ளே, கல்யாண அலைச்சல்" என்றார். தெரு டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக் முடிந்தும் இருமல் நிற்கவில்லை. ஆக்சிமீட்டர் உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டியது, அதைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். மொட்டை மாடி வரை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தேன். 87.

நம்மூரில் நாள்பட்ட இருமல் என்றால் முதலில் டிபிதான் ஞாபகத்துக்கு வரும், அது நியாயமும்கூட. ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்குப் போனோம். காசு கிடையாது, கூட்டம் உண்டு. உப்புநீர் ஆவி பிடிக்கவைத்து ஏதோ கொஞ்சம் எடுத்தார்கள், டிபி இல்லை என்று வந்தது. அன்றைக்கு மாலையே வெளியில் சிடி ஸ்கேன். ஏழு மணிக்குப் போனோம், ஒன்பதுக்குள் ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. லண்டனில் ஜிபியைப் பார்க்கக் காலை எட்டு மணிக்கே போனைப் பிடித்துக்கொண்டு வரிசையில் காத்துக் கிடக்கிறவனுக்கு இது அதிசயம்தான். இரண்டு நுரையீரலிலும் ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி வெள்ளை.

நெஞ்சு டாக்டர் ஸ்கேனைப் பார்த்ததைவிட அக்கா கொண்டுபோன பைலைத்தான் அதிக நேரம் புரட்டினார். கேட்டது ஒரே கேள்வி: "செப்ட்ரான் எப்போ நிறுத்துனாங்க?"

எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு நுரையீரல் தொற்று வராமல் தடுக்கும் மாத்திரை அது. நிறுத்தியது மாசியில். ஆறு மாதம் முடிந்ததும் நிறுத்தினார்கள், அது முறைதான். உலக அளவில் சிறுநீரக மருத்துவர்கள் பின்பற்றும் கேடிகோ வழிகாட்டுதல் மாற்றுக்குப் பின் 3 முதல் 6 மாதம் வரை அந்த மாத்திரையைக் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் சித்திரையில் சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் ஏறி, உடம்பு புதுச் சிறுநீரகத்தை நிராகரிக்கிறது என்று மூன்று நாள் ஸ்டீராய்டு டிரிப் போட்டார்கள். எதிர்ப்பு சக்தியை மறுபடி அடியோடு இறக்கும் வைத்தியம் அது. அப்போது செப்ட்ரானைக் குறைந்தது 6 வாரமாவது திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் மற்ற மருந்தெல்லாம் வரிசையாக இருக்கிறது, அது மட்டும் இல்லை. சில ரூபாய் மாத்திரை!

நோயின் பெயர் நியூமோசிஸ்டிஸ் நிமோனியா. பூஞ்சை என்று டாக்டர் சொன்னதும் அக்கா உடைந்துபோனாள். 2021 கொரோனா சமயத்துக் கருப்புப் பூஞ்சையும், கண்ணை எடுத்த கதைகளும் யாருக்கு மறக்கும்? இது வேறு. மனிதர் மூச்சு வழியாகப் பரவுவது, நம்மில் பலர் சின்ன வயதிலேயே சந்தித்துவிட்டது. எதிர்ப்பு சக்தி இருக்கும் வரை வாலாட்டாது. இன்னொரு விசித்திரம், மற்ற பூஞ்சைகளின் உறையில் இருக்கும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு இதனிடம் இல்லை. அதைக் குறிவைக்கும் வழக்கமான பூஞ்சை மருந்துகளான ஆம்போடெரிசினோ ஃப்ளூகோனசோலோ இதற்கு உதவாது. கேட்பதோ பாக்டீரியாவுக்கென்று வந்த பழைய கோட்ரைமாக்சசோல்தான். அதன் கடைப் பெயர்தான் செப்ட்ரான், பாக்ட்ரிம் எல்லாம். மெடிக்கலில் சீட்டைப் பார்த்த பையன், "பூஞ்சைன்னா ஃப்ளூகோனசோல்லா கொடுப்பாங்க, அதையும் தரவா அண்ணாச்சி?" என்றான். நல்ல மனசுதான். ஆனால் அது, புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமலிருக்க அத்தான் சாப்பிடும் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிச் சிறுநீரகத்தையே பதம் பார்த்துவிடும்.

மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுக் கழுவி எடுத்த நீரைப் பரிசோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவுக்குக் காத்திராமல் அன்றிரவே மருந்து தொடங்கினார்கள், அதற்கு அந்த டாக்டருக்கு ஒரு கும்பிடு. ஊசி கிடைக்கவில்லை. வயிற்றிலிருந்து நன்றாக ரத்தத்தில் சேரும் மருந்து என்பதால் மாத்திரையே போதும் என்றார். அத்தான் எடை 60 கிலோ. டபுள் ஸ்ட்ரெங்த் இரண்டிரண்டாக மூன்று வேளை, 21 நாள். ரத்தத்தில் பிராணவாயு அழுத்தம் 70-க்குக் கீழே போயிருந்ததால் ஸ்டீராய்டையும் கூட்டினார்கள்.

பிறகு பொட்டாசியம் தலைவலி. டாக்ரோலிமஸும் ஏற்றும், இந்த மாத்திரையும் ஏற்றும். தினமும் காலையில் ரத்தம் எடுத்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோர் கையிலும் இளநீர்! அதில் பொட்டாசியம் கொட்டிக் கிடக்கிறது. ஹெட் நர்ஸ் அம்மா வாசலிலேயே பறிமுதல் செய்து வார்டு பாய்களுக்குக் கொடுத்துவிடுவார்.

அந்த அம்மா முன்பு டிபி, எய்ட்ஸ் நோயாளிகளைப் பார்க்கும் தாம்பரம் சானடோரியத்தில் வேலை பார்த்தவர். 1981-ல் லாஸ் ஏஞ்சலிஸில் 5 இளைஞர்களுக்கு வந்த இந்த நிமோனியாதான் எய்ட்ஸ் இருப்பதையே உலகத்துக்குக் காட்டியது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அங்க இந்த மாத்திரையக் கொடுக்காம ஒருத்தரையும் வெளிய விட மாட்டோம் தம்பி" என்றார். எச்ஐவிக்கு மருந்து கொடுக்கும் ஏஆர்டி மையங்களில், எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை 350-க்குக் கீழே என்றால் கோட்ரைமாக்சசோல் இலவசம். கூப்பிட்டு விசாரிக்கக் கவுன்சிலர் இருக்கிறார். பல லட்சம் செலவழித்துச் சிறுநீரகம் மாற்றியவருக்கு அப்படி ஓர் ஆள் இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. மாற்றுச் சிறுநீரகக்காரர்களுக்கு மட்டுமல்ல, லூபஸ், வாஸ்குலைட்டிஸ், புற்றுநோய் என்று ஸ்டீராய்டு கூடுதலாக, வாரக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் வீடியோ காலில் மாத்திரைச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள், செப்ட்ரான் வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். சிறுநீரக மாற்று ஓபி ஹாலில் மாஸ்க்கைக் கழற்ற விடாதீர்கள். அங்கே ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இது பரவியதாக வெளிநாடுகளில் பதிவுகள் உண்டு. சல்ஃபா ஒவ்வாதவர்களுக்கு டாப்சோன், அட்டோவாகோன் என்று மாற்று மருந்துகள் இருக்கின்றன. டாப்சோனுக்கு முன்னால் ஜி6பிடி டெஸ்ட் அவசியம், அந்த என்சைம் குறைவாக இருந்தால் ரத்த அணுக்கள் உடைந்துவிடும்.

கல்யாணத்தன்று அத்தான் வார்டில் இருந்தபடி போனில் தாலி கட்டுவதைப் பார்த்தார். இப்போது வீட்டில் இருக்கிறார், தினம் ஒரு செப்ட்ரான். மதுரை மருத்துவமனைக்கு அக்கா பெயரில் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். பணம் கேட்டு அல்ல. நிராகரிப்புக்குச் சிகிச்சை கொடுத்தால் இந்த மாத்திரையைத் திரும்பத் தொடங்கவும் என்று டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரி அச்சடிக்கச் சொல்லி. பதில் இன்னும் வரவில்லை.