மேடு பள்ளமான 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஆன்லைன் கோச்சிடம் பணம் கட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஓடினேன், இன்று புதன், இன்னும் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்குகிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். இப்படிப்பட்டவர்களிடம் மாட்டாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நான் பதிவு செய்திருந்தது நகரத்துக்குள்ளேயே ஓடுகிற 10 கிலோமீட்டர். சமதளத்தில் இதே தூரம் ஓடியிருக்கிறேன். ஆனால் இந்தப் பாதையில் மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு நீளமான ஏற்றம், ஆறாவதில் இன்னொன்று, ஏழு தாண்டியதும் விடாமல் இறக்கம். பயம் வந்தது. ஆளுக்கேற்றபடி திட்டம் போட்டுத் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிற ஓர் ஆன்லைன் பயிற்சித் தளத்தில் 12 வாரத் திட்டம் வாங்கினேன். கட்டியது அரை மாதச் சம்பளம், மொத்தமும் முன்கூட்டியே.

ஏன் நம்பினேன் என்றால், பணம் கட்டும் முன் ஒரு வீடியோ கால் வைத்தார்கள். கோச் என்று வந்தவர் நான் அனுப்பிய ஏற்ற இறக்கப் படத்தைத் திரையில் திறந்து, அந்த மூன்றாவது கிலோமீட்டர் மேட்டைச் சுற்றிச் சுற்றி மவுஸை நகர்த்தி, "உங்க ரேஸே இங்கதான் இருக்கு, இதுக்காகவே பிளான் போடுறேன்" என்றார். என் பழைய முழங்கால் வலியைப் பற்றி அவராகவே கேட்டார். நான் சொல்லச் சொல்லத் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்துத்தான் அன்று ராத்திரியே பணத்தைக் கட்டினேன்.

வந்த திட்டத்தில் மேடு என்ற பேச்சே இல்லை. கேட்டால் "முதல்ல அடித்தளம், மேடு அப்புறம் வரும்." ஐந்தாவது வாரமும் அதே பதில். எட்டாவது வாரக் குறிப்பில் வேறு யாருடைய பெயரோ இருந்தது, கூடவே அவருடைய அரை மாரத்தானுக்கு வாழ்த்து! ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன், டைப்பிங் தவறு என்றார்கள்.

ரேஸ் நாளுக்குக் கொடுத்த குறிப்பு ஒரே வரி: பத்து கிலோமீட்டரும் ஒரே பேஸ், அதாவது ஒரே வேகம். மேட்டில் வேகத்தை விட்டுக்கொடுத்து உழைப்பைத்தான் ஒரே அளவில் வைத்துக்கொள்ள வேண்டும், அங்கே வேகத்தைப் பிடித்தால் பின்னால் மொத்தமாக விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஓடி முடித்த பிறகு கூட ஓடியவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. நான் வாட்சைப் பார்த்துப் பார்த்து அந்த வேகத்தை விடாமல் ஏறினேன், உச்சிக்குப் போனபோது தொண்டையில் இரும்பு நக்கினது போல ஒரு ருசி. அப்புறம் இறக்கம். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது, தசையைக் கிழித்துப் போடுவது அந்த வேலைதான். சில வாரம் முன்னால் ஒன்றிரண்டு தடவை இறக்கத்தில் ஓடிப் பழகியிருந்தாலே தசை ஓரளவு தாங்கியிருக்கும். என் 12 வாரத்தில் அப்படி ஒரு நாள்கூட இல்லை. எட்டாவது கிலோமீட்டரில் தொடை நடுங்க ஆரம்பித்தது, ஒன்பதாவதை நடந்தேன்.

முடிந்த இடத்தில் அதே தளத்தில் பணம் கட்டிய இன்னொருவரைப் பார்த்தேன். அவர் வாங்கியது சமதள ஓட்டம் ஒன்றுக்கான திட்டம். இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், தேதி மட்டும்தான் வேறு. வரிக்கு வரி, எண்ணுக்கு எண் அதேதான். இதற்குத்தான் அரை மாதச் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று தானாக வந்த ஒரு பதில். திங்கள், கோச் பயணத்தில் இருக்கிறாராம். செவ்வாய், மேட்டு ஓட்டத்தில் எல்லோருக்கும் நேரம் கூடத்தான் செய்யும், உங்கள் எதிர்பார்ப்புதான் அதிகம் என்றார்கள். எனக்கு நேரம் கூடியதா பிரச்சினை? மேட்டுக்கென்று காசு வாங்கிவிட்டு மேட்டைத் தொடவே இல்லையே! இன்று காலை, முதல் 14 நாளுக்குள் கேட்டால்தான் பணம் திரும்பும் என்று நிபந்தனைகளில் ஒரு வரியைக் காட்டினார்கள். பதில் எழுதப் போனால் சாட் பெட்டியையே மூடியிருக்கிறார்கள். அரை மாதச் சம்பளம், கிணற்றில் போட்ட கல்.

சரி, சொல்கிறேன் என்றதைச் சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்து எழுத இனி முடியவில்லை. முழுத் திட்டத்தையும் முதலில் காட்டச் சொல்லுங்கள், அதில் ஏற்றமும் இறக்கமும் தனித்தனியாக எந்த நாளில் வருகிறது என்று கேளுங்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். பணம் திரும்பும் கெடுவைப் படியுங்கள். வீடியோ காலில் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். வேறொருவர் பெயர் வந்தால் அன்றைக்கே பணத்தைக் கேளுங்கள், நான் நான்கு வாரம் காத்திருந்தேன்.